கித்தா மரத்துக்கு நடுவே குட்டி ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பலகை இருக்கிறது. அதன் மேல் பொம்மை ரயில் ஓடும் ஒரு குட்டித் தோட்டத்து ஊர், 1968ல் இருந்த மாதிரி: லயன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), கித்தா (ரப்பர்) மரம், கடைத்தெரு, ரயில்வே ஸ்டேஷன். தீபாவளிக்கு வருகிறவர்கள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே வருடா வருடம் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். முறுக்குத் தூள் தண்டவாளத்தில் விழுகிறது. பதில்களை எழுதி வைத்துவிட்டால் தூளாவது குறையும்.

இது எந்த ஊர்? நம்ம ஊர் மாதிரி இருக்கிறதே?

எந்த ஊரும் இல்லை. பெயர்ப் பலகையில் 'சுங்கை கித்தா' என்று எழுதியிருக்கிறேன். அப்படி ஓர் ஊர் எனக்குத் தெரிந்து கிடையாது. ஸ்டேஷன் ஓர் இடத்திலிருந்து, கடைத்தெரு இன்னோர் இடத்திலிருந்து, லயன் வீடு எங்கள் தாத்தா இருந்த தோட்டத்திலிருந்து. பின்னால் நிற்கும் சுண்ணாம்புக் குன்று மட்டும் ஈப்போவிலிருந்து இந்தப் பக்கம் வரும்போது எல்லாரும் பார்ப்பதுதான்.

நிஜ ஊரை அப்படியே செய்யலாமே என்பார்கள். செய்தால் ஒவ்வொரு விருந்தாளியும் அளவெடுக்க ஆரம்பித்துவிடுவார். கற்பனை ஊருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஊரின் பெயர்தான் கற்பனை. அதிலுள்ள ஒவ்வொரு வீடும் எங்கோ நின்ற வீடாக இருக்க வேண்டும்.

ஏன் 1968?

வருடத்தை முடிவு பண்ணாமல் ஆரம்பிக்காதீர்கள். நான் கொடுக்கும் ஒரே கண்டிப்பான யோசனை இதுதான். வருடம் தெரிந்தால் மற்ற எல்லாமே தானாகத் தீர்மானமாகும்.

1968ல் நீராவி இஞ்சினும் டீசலும் ஒரே பாதையில் ஓடின. பாதை ஒற்றைப் பாதை, மேலே மின்கம்பி இல்லை. கித்தாதான் ராஜா, செம்பனை (எண்ணெய்ப்பனை) அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடக் கொடியில் 14 கோடுகள். 1963க்கு முந்தைய ஊர் என்றால் 11 கோடுதான். கொடியின் மொத்த உயரமே 6 மில்லிமீட்டர், அதில் 14 கோட்டை யார் எண்ணப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் அக்கா மகன் போனில் படமெடுத்து, பெரிதாக்கி, எண்ணினான்.

கூடாதவற்றின் பட்டியல் இன்னும் நீளம். புரோட்டோன் சாகா கார் கூடாது, அது 1985ல் வந்தது. கூரையில் ஆஸ்ட்ரோ டிவி தட்டு கூடாது. பிளாஸ்டிக் நாற்காலி கூடாது. மோரிஸ் மைனர் நிற்கலாம், நம்பர் தட்டு 'ஏ' எழுத்தில் தொடங்கினால் பேராக் வண்டி. கம்பத்தில் சாய்த்த சைக்கிள்கள் எத்தனை வேண்டுமானாலும் நிற்கலாம்.

அளவு என்ன? 'என்' என்கிறார்களே?

'என்' அளவில் தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் இதை 1:160 என்றும், பிரிட்டனில் 1:148 என்றும், ஜப்பானில் 1:150 என்றும் செய்கிறார்கள். என்னுடையது 1:150. ஜப்பான் சாமான்கள் இங்கே சுலபமாகக் கிடைக்கின்றன, கணக்கும் சுலபம்: நிஜத்தில் 15 செ.மீ. என்றால் பலகையில் 1 மி.மீ.

இதில் ஒரு பொய் இருக்கிறது. நம் ரயில் பாதை 1 மீட்டர் அகலம். 9 மி.மீ.யை 150 ஆல் பெருக்கினால் 1350 மி.மீ. வரும். அதாவது என் தண்டவாளம் ஓர் அடிக்கும் மேல் அகலமாக இருக்கிறது. ஜப்பான்காரர்களுக்கும் இதே கதைதான், அவர்களுடைய பாதை 1067 மி.மீ. அவர்கள் கண்டுகொள்வதில்லை. உறுத்துகிறது என்றால் 1:120க்குப் போங்கள், 9 மி.மீ. அங்கே 1080 ஆகும், கிட்டத்தட்ட சரி. ஆனால் அந்த அளவில் வீடு, வண்டி, ஆள் என்று பெரும்பாலும் எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டிவரும், இடமும் கூடுதலாகப் பிடிக்கும். நான் பொய்யோடு சமாதானமாகிவிட்டேன். மரக்கட்டைகளின் நுனியை இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் நறுக்கி, ஓரமெல்லாம் புல் வளர்த்துவிட்டேன். அகலம் இப்போது அவ்வளவாகத் தெரிவதில்லை.

நாலடிக்கு இரண்டடி பலகை போதுமா?

எட்டுக்கு நாலு பிளைவுட்டை நாலாக வெட்டினால் கிடைப்பது அது. 1:150 கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய நாலு ஏக்கர்தான். ஒரு தோட்டமும் ஒரு ஊரும் நாலு ஏக்கரில் அடங்காது, ஆகவே ஏமாற்றித்தான் ஆக வேண்டும்.

பாதை நீள்வட்டமாகச் சுற்றுகிறது. வளைவின் ஆரம் 249 மி.மீ. நிஜத்தில் அது 37 மீட்டர்! அப்படி ஒரு வளைவில் எந்த மெயில் வண்டியும் திரும்பாது. ஆகவே இரண்டு முனை வளைவுகளையும் மறைத்துவிட்டேன், ஒன்றைக் கித்தா மரத்துக்குள், மற்றதைக் குன்றுக்குப் பின்னால். கண்ணுக்குத் தெரிவது முன்பக்கத்து இரண்டடி நேர்ப்பாதை மட்டும். ஒரு பெட்டி 13 செ.மீ., ஆக இஞ்சினும் மூன்று பெட்டியும் சேர்ந்தால் அரை மீட்டர். அதற்கு மேல் கோர்த்தால் வண்டியின் தலை தோட்டத்துக்குள் நுழையும்போது வால் இன்னும் குன்றைவிட்டு வந்திருக்காது. ஊர் பொம்மையாகிவிடும்.

பாலம் கட்டி மேலே ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏற்றம் மீட்டருக்கு 2 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஒரு பாதை இன்னொன்றைத் தாண்ட 5 செ.மீ. உயரம் வேண்டும். இரண்டரை மீட்டர் ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும். இந்தப் பலகையில் நடக்காது.

கே.டி.எம். (நம் ரயில்வே) இஞ்சின் எங்கே வாங்கினீர்கள்?

வாங்கவில்லை. பழைய ஜப்பான் டீசல் ஒன்றின் அடிப்பாகத்தை வாங்கி, மேல்கூடு மட்டும் முப்பரிமாண அச்சில் எடுத்தேன். 1957ல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனி அனுப்பிய 20ஆம் வகுப்பு டீசல் அது, மொத்தம் 26 வந்தன. அவற்றுக்கு ஆறு சக்கர அச்சுகள், முன்னால் மூன்று, பின்னால் மூன்று. என் அடிப்பாகத்தில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டுதான். பக்கவாட்டு மறைப்பில் மூன்றாவது சக்கரத்தை வரைந்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து குனிந்து பார்க்காதீர்கள்.

நீராவிக்கு 56ஆம் வகுப்பு. கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி கட்டி, 1938 முதல் இங்கே வந்தது. 4-6-2 சக்கர அமைப்பு: முன்னால் நாலு, நடுவில் ஓட்டும் சக்கரம் ஆறு, பின்னால் இரண்டு. ஜப்பானின் சி57 இஞ்சினுக்கும் அதே அமைப்பு என்பதால் அதை அடிப்படையாக வைக்கலாம். ஓட்டும் சக்கரம் மட்டும் நம்முடையதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஜப்பானில் சி56 என்று ஒரு இஞ்சின் உண்டு, பொம்மைக் கடையிலும் கிடைக்கும். எண் ஒத்துப்போகிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அது வேறு. போர்க் காலத்தில் சயாம்-பர்மா பாதைக்கு ஜப்பான் ராணுவம் கொண்டுபோன இஞ்சின் அது. நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்ப் போட்ட பாதை. என் தாத்தாவின் தம்பி போனார், திரும்பவில்லை. ஒரு கடைக்காரர் 'மலாயா இஞ்சின்' என்று சொல்லி அதை என்னிடம் விற்கப் பார்த்தார். அழகான இஞ்சின்தான், என் பலகையில் அது ஓடாது.

கித்தா மரம் எப்படிச் செய்கிறீர்கள்? நிஜம் மாதிரியே இருக்கிறது.

இதைக் கேட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது.

ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 450 கித்தா மரம் நிற்கும். 1:150ல் ஒரு ஹெக்டேர் என்பது இரண்டேகால் அடிச் சதுரம். 450 மரத்தைச் செய்ய எனக்கு ஆயுசு இல்லை. செய்தது 60. முன்னால் நாலு வரிசை முழு மரம், அதற்குப் பின்னால் தண்டு மட்டும், அதற்கும் பின்னால் சுவரில் வரைந்த இருட்டு. கித்தாக் காட்டுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலாவது நிரைக்கு அப்பால் தெரிவது இருட்டுதான்.

பழைய மின்சார ஒயரை உரித்து, செம்புக் கம்பியை முறுக்கித் தண்டு செய்யுங்கள். 20 மீட்டர் மரம் 13 செ.மீ. வரும். தண்டு பாதி உயரத்துக்குக் கிளையே இல்லாமல் நேராகப் போக வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் மாமரம் மாதிரிக் கீழேயே கிளைவிட்டு விடுகிறார்கள், அங்கேயே தோட்டம் தோப்பாகிவிடும். வெள்ளைப் பசையில் மரத்தூளைக் குழைத்து இரண்டு தடவை பூசினால் பட்டை. சாம்பல் நிறம், அதில் வெள்ளைத் திட்டுகள்.

அப்புறம் வெட்டு. ஊசியால் இடது மேலிருந்து வலது கீழாகச் சரித்துக் கீற வேண்டும். திசையை மாற்றிவிடாதீர்கள். பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாகப் போகாமல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து போகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபட்டு அதிகப் பால் வடியும். நான் முதலில் செய்த பன்னிரண்டு மரத்திலும் எதிர்த்திசையில் கீறியிருந்தேன். அம்மா 22 வருடம் பால் வெட்டினவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தத் தோட்டத்துல ஒருத்தனுக்கும் வெட்டத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பன்னிரண்டையும் பின்வரிசைக்கு மாற்றினேன், கீறல் சுவரைப் பார்க்கும்படி.

மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், வேண்டுமா? வெட்டுக்குக் கீழே பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு சொட்டு மண் நிறம், அது காய்ந்ததும் அதன் மேல் அதைவிடச் சிறிய ஒரு சொட்டு வெள்ளை. முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் போனால் அது மங்கு அல்ல, வாளி.

இலைக்குக் கடையில் விற்கும் நுரைத்தூள் போதும். எல்லா மரத்தையும் ஒரே பச்சையில் விடாதீர்கள். வருடத் தொடக்கத்தில் கித்தா இலை உதிர்க்கும். பழுத்து, செம்பு நிறமாகிக் கொட்டும். இந்த நாட்டில் இலையுதிர் காலம் என்று ஒன்று இருந்தால் அது கித்தாத் தோட்டத்தில்தான். என் தோட்டத்தில் மாதம் பிப்ரவரி, ஆகவே தரையெல்லாம் இலை. நிஜ இலையைக் காயவைத்து அரைத்துத் தூவினேன். இரண்டே வாரத்தில் அதிலிருந்து வண்டு கிளம்பியது. இப்போது சாயம் போட்ட மரத்தூள்.

செம்பனை?

ஓரத்தில் ஒரு துண்டு, இளங்கன்றுகள் மட்டும். முக்கோண நடவு, மரத்துக்கு மரம் 9 மீட்டர், அதாவது 6 செ.மீ. காகிதத்தை மடித்து இரண்டு பக்கமும் சீவினால் மட்டை. ஒரு நாளைக்கு மூன்று மரம் முடியும், கழுத்து வலிக்கும்.

லயன் வீட்டுத் தகரக் கூரையை எதில் செய்தீர்கள்?

சாப்பாடு கட்டித் தரும் அலுமினியத் தட்டில். நெளி தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் 3 அங்குலம், 76 மி.மீ. அதை 150 ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர். அவ்வளவு நுணுக்கமான அச்சுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இரும்புக்கடையில் பதில் கிடைத்தது. எம்3 திருகுத் தண்டின் மரைக்கு மரை சரியாக அரை மில்லிமீட்டர்!

தட்டின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்து, பழைய செருப்பின் ரப்பர் மேல் வையுங்கள். திருகுத் தண்டை அழுத்தி ஒரே வாக்கில் ஒரு தடவை உருட்டுங்கள். முன்னும் பின்னும் உருட்டினால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கெட்டுவிடும். மரை சுருளாக ஓடுவதால் கோடு லேசாகச் சாய்ந்து விழும், ஒரு மூன்று டிகிரி. பரவாயில்லை, உருட்டின பிறகு கோட்டுக்கு இணையாக வெட்டினால் நேராகிவிடும். எட்டடித் தகரம் என்றால் 16 மி.மீ. துண்டு. ஒவ்வொரு துண்டாக, ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறும்படி ஒட்டுங்கள். கூரை முழுவதையும் ஒரே தாளாக மூடினால் அது கூரையாகத் தெரியாது, பிஸ்கட்டாகத் தெரியும்.

துரு ஏற்றக் காவி நிற சாக்கட்டியைச் சுரண்டித் தூரிகையால் தடவினால் போதும். ஆணி வரிசையிலும் கீழ் ஓரத்திலும் அதிகம். நடுவில் ஒரே ஒரு தகரம் மட்டும் புதிதாகப் பளபளக்கட்டும், போன மாதம்தான் ஒழுகி மாற்றியிருக்கிறார்கள். மற்றபடி வரிசைக் கோடியில் பொதுக்குழாய், குழாயடியில் சேறு, ஒவ்வொரு வாசலிலும் ஏதாவது ஒரு செடி. எல்லா வாசலையும் ஒன்றுபோலச் செய்யாதீர்கள். வீடுகள் ஒன்றுபோல, வாசல்கள் வேறு வேறு.

கடைத்தெரு?

ஒரு கடையின் முகப்பு 20 அடி, 4 செ.மீ. முன்னால் ஐந்தடி நடைபாதை, 1 செ.மீ. ஆழம். அந்த 1 செ.மீ. இருட்டாக இருக்க வேண்டும், அங்கேதான் தெரு உயிரோடு இருக்கிறது. சீனர் காப்பிக்கடை, மளிகைக்கடை, துணிக்கடை, அடகுக்கடை என்று நாலைந்து கடை போதும். கடைகளுக்குப் பின்பக்கம் கிடையாது, வெறும் அட்டைதான்.

தரை அந்தச் செம்மண் நிறத்தில் எப்படி?

நிஜ செம்மண்தான். ஆனால் இதில் நான் நன்றாக அடிபட்டேன். தோட்டத்துச் சடக்கு (ரோடு) ஓரத்திலிருந்து ஒரு டின் மண், பழைய ஈய லம்பத்திலிருந்து (ஈயச் சுரங்கத்திலிருந்து) ஒரு டின் மணல் எடுத்துவந்து, சலித்துத் தூவினேன். மூன்றாம் நாள் டீசல் இஞ்சின் முனக ஆரம்பித்தது, நான்காம் நாள் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் மோட்டார் காந்தத்தைச் சுற்றிக் கறுப்பாக மீசை முளைத்திருக்கிறது. செம்மண்ணில் இரும்பு உண்டு, லம்பத்து மணலில் இல்மனைட் போன்ற கறுப்புத் தாதுக்கள் உண்டு. வலுவான காந்தம் இரண்டையும் இழுக்கும்.

இப்போது செய்வது இப்படி: மண்ணைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, செய்தித்தாளில் பரப்புவேன். பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்த காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மண்ணின் மேல் ஏழெட்டுத் தடவை ஓட்டுவேன். பையைத் திருப்பினால் ஒட்டியதெல்லாம் தனியாக வந்துவிடும். தண்டவாளப் பக்கத்தில் இந்த மண்ணும் வேண்டாம், கடையில் விற்கும் ஜல்லித்தூள்தான் நல்லது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு சொட்டு. சவர்க்காரம் இல்லாவிட்டால் பசை உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. முதலில் தெளிப்பானால் ஜல்லியை நனைத்துவிட்டுப் பிறகு பசையைச் சொட்டுங்கள். பாதை பிரியும் இடத்தில் நகரும் நாக்குப் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது.

ஆட்கள் யார் யார்?

ஒரு ஆள் 11 மி.மீ. உயரம். ஜெர்மன்காரர் பொம்மைகளை வாங்கி வேறு நிறம் அடித்தேன். கோட்டுப் போட்டவரைக் கத்தியால் சீவினால் சட்டை போட்டவர் ஆகிவிடுகிறார். பால் வெட்டும் பெண்களுக்கு முழுக்கைச் சட்டை, தலையில் துணி. தண்டவாளத்தில் வேலை செய்யும் கும்பல் தமிழர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வெள்ளை உடுப்பில் யாழ்ப்பாணத்தார். அந்தக் காலத்து ரயில்வே கணக்கப்பிள்ளைமாரிலும் ஸ்டேஷன் மாஸ்டர்களிலும் அவர்கள் நிறையப் பேர். அவர் கையில் ஒரு வளையம் இருக்கிறதே, அதுதான் எல்லாரும் கேட்பது. ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி வராது என்பதற்கு அடையாளமாக டிரைவரிடம் கொடுக்கும் சாவி வளையம். மெல்லிய பித்தளைக் கம்பியை ஊசியில் ஒரு சுற்று சுற்றி எடுத்தேன்.

பாதை ஓரத்து முனீஸ்வரர் கோவிலைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். கோபுரம் எங்கே என்று கேட்கிறார்கள். ஒரு மரம், ஒரு சூலம், நாலு தகரம். 1968ல் அவருக்கு அவ்வளவுதான் வசதி.

வண்டி விட்டுவிட்டு ஓடுகிறதே?

நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து வாரம் ஒருமுறை துடையுங்கள், சக்கரங்களையும் சேர்த்து. உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில் இன்னும் அழுக்குப் பிடிக்கும். மின்சாரத்தை ஒரே இடத்தில் கொடுக்காமல் நாலைந்து இடத்தில் ஒயர் பற்றவையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பல்லி எச்சத்தைத் தேடுங்கள். பிளைவுட்டுக்கு அடிப்பக்கமும் சாயம் பூசுங்கள், இல்லாவிட்டால் ஈரம் ஏறி வளையும்.

ராத்திரியில் விளக்கு எரியுமா?

எரியும், மங்கலாக. மஞ்சள் வெள்ளை எல்.இ.டி.க்கு 12 வோல்ட்டில் எல்லாரும் 1 கிலோ ஓம் தடுப்பான் போடுகிறார்கள். போட்டால் லயன் வீடு பெட்ரோல் நிலையம் மாதிரி ஜொலிக்கும். 10 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள், மண்ணெண்ணெய் விளக்கு வந்துவிடும்.

செலவு?

முதல் வருடம் எனக்கு ஏறக்குறைய 900 வெள்ளி (ரிங்கிட்), அதில் பாதிக்கு மேல் தண்டவாளமும் இரண்டு இஞ்சினும். ஊருக்கு ஆனது சொற்பம். இரண்டாம் வருடக் கணக்கு வீட்டில் கேட்கப்படவில்லை, நானும் சொல்லவில்லை.

எப்போது முடியும்?

கள்ளுக்கடை பாக்கி. கட்டி முடித்து ஒரு வருடமாகத் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. பாதைக்கு இந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்கிறார் பெரியப்பா, சம்பளத்தன்று தண்டவாளத்தைத் தாண்டின ஞாபகமே இல்லையாம். அந்தப் பக்கம்தான் என்கிறார் அத்தை. திரும்பி வரும்போது தாண்டினதுதான் ஞாபகமில்லை என்கிறார்.